கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம்

எங்கள் ஊர் ஹைஸ்கூலுக்கு ஒரு போலீஸ்காரரை நியமித்திருக்கிறார்கள். இருபத்தாறு வயதுப் பையன். எங்கள் தெருவிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறான். போன வாரம் ஒரு சாயங்காலம் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்கய்யா, பள்ளிக்கூடத்துல போலீசுக்கு என்னங்க வேலை? அங்க போயி யாரைப் புடிக்கறது?" என்று கேட்டான். அவனுக்குக் கொடுத்திருக்கிற உத்தரவில் வேலை இன்னதென்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறதாம். எனக்குக் கொடுத்த உத்தரவில் இருந்தது ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டினேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பையன் பாதியில் எழுந்து போய்விட்டான். வயதானவன் பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் டூட்டி வந்துவிடுகிறது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் நாச்சிமுத்து, ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மழை பெய்தால் அதிசயமாக வெளியே வந்து பார்க்கிற வறண்ட பூமி. நான் போலீசில் சேர்ந்தபோது கேரளம் என்று ஒரு ராஜ்யம் பிறக்கவில்லை; திரு-கொச்சி என்று பெயர். திருச்சூரில் பயிற்சி. ஓடவிட்டார்கள், உருளவிட்டார்கள், துப்பாக்கியைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். கஞ்சி போட்ட காக்கி நிக்கரில் மடிப்புக் கலையாமல் உட்காருவது எப்படி என்பதை மட்டும் நானாகவே கண்டுபிடித்தேன். உட்காரவே கூடாது, அவ்வளவுதான். பயிற்சி முடிந்ததும், தமிழ் பேசத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை மலைமேல் அனுப்பினார்கள்.

சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டேஷன். மின்சார இலாகா குடியிருப்பு ஒரு பக்கம், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஹைஸ்கூல். குடியிருப்புப் பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு ரோட்டு வழியாக வருவார்கள். தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்து வருகிற பிள்ளைகள் வெறுங்காலோடு தேயிலைக்குள் புகுந்து குறுக்கே வருவார்கள். ஒரு நாள் பந்தாட்டத்தில் இந்த இரண்டு கட்சிக்கும் தகராறு வந்து மூன்று மண்டை உடைந்துவிட்டது. பெற்றோர்கள் மனு கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: மறு உத்தரவு வரும் வரை ஒரு கான்ஸ்டபிள் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டியது. ஸ்டேஷனில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவன் நான். அதனால் நின்றேன்.

எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் குறுப்பு சாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் மூன்று முறை படிப்பார். படித்துவிட்டு, பென்சிலை மேஜைமேல் படுக்க வைத்து, "பின்னே?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பல பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவது மலையாளம். என்னிடம் மட்டும் பாதித் தமிழ் கலந்து பேசுவார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுபோன முதல் அறிக்கையில், இரண்டு மாணவர்கள் கோபத்தோடு நின்றார்கள் என்று எழுதியிருந்தேன். மூன்று முறை படித்தார். பென்சில் படுத்தது.

"கோபத்தை நீ கண்டோ?"

"கண்டனுங்க சார்."

"எங்கே கண்டது?"

"மூஞ்சியிலங்க."

"மூஞ்சியில எந்தா கண்டது?"

யோசித்துப் பார்த்து, "மூக்கு விடைச்சிருந்துதுங்க சார்" என்றேன்.

"அப்போ மூக்கு விடைச்சிருந்ததுன்னு எழுது. நீ கண்டதை எழுது. நீ நினைச்சதை எழுதண்டா."

அன்றிலிருந்து என் அறிக்கைகளில் யாரும் கோபப்படவில்லை. மூக்கு விடைத்தார்கள், கல் எடுத்தார்கள், கீழே போட்டார்கள்.

சொல்லப் போனால் அங்கே எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. முதல் நாள் என் கூம்புத் தொப்பியைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அழுதது. ஹெட்மாஸ்டர் விசுவநாதய்யர் ஓடிவந்து, தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மூக்குப்பொடியும் முன்கோபமும் உண்டு என்றாலும் தங்கமான மனிதர். ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்கு என்மேலிருந்த பயம் போய்விட்டது. இரண்டாம் வாரம் வாத்தியார்களுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாதவன், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளியவன் எல்லோரையும், "போய்ப் போலீஸ்காரர் பக்கத்திலே நில்லு" என்று அனுப்பிவிடுவார்கள். வாசலில் நான் அட்டென்ஷனில் நிற்பேன். எனக்கு இடப்பக்கம் ஆறேழு பேர் அட்டென்ஷனில் நிற்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு சின்னப் படை. ஒரு நாள் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்த பல்லைக் கையில் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தது. கூட்டாளி பிடுங்கிவிட்டான் என்று புகார். விசாரித்ததில் தானாகவே விழுந்த பல்தான். அறிக்கையில் அதையும் எழுதினேன். குறுப்பு சார் மூன்று முறை படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

பந்தாட்டத் தகராறுக்கும் ஒரு வழி கண்டேன். இரண்டு கட்சியையும் கலந்து, உயரப்படி வரிசையில் நிறுத்தி, ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து ஆடவிட்டேன். யாரை அடிப்பது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிட்டது. மூன்று மாதத்தில் சண்டை ஓய்ந்தது. என்னைத் திருப்பி அழைக்கிற மறு உத்தரவு மட்டும் வரவில்லை. மேலிடம் என்னை மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் என்னை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கார் என்னை ஏட்டாக்குவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அவர்கள் ஆக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சண்முகத்தாய். ஆறாம் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம். தகப்பன் இல்லை, அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். அந்த லயங்களில் இருந்து ஆறாம் பாரம் வரைக்கும் வந்த முதல் பெண் அவள். நாலு மைல் நடந்து வருவாள். எண்ணெய் வைத்து நெற்றி பாதி மறைகிற மாதிரி தலையை இறக்கிச் சீவியிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். பரீட்சையில் தேறாவிட்டால் சித்திரை மாதமே தோட்டத்து ஆபீசில் அவள் பெயரைப் பதிந்துவிடுவதாக அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள். பெயர் பதிந்தால் அப்புறம் ஆயுசுக்கும் கூடைதான். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் போட்டோ கிடையாது. ஆள் இன்னார்தான் என்று காட்ட இரண்டு அங்க அடையாளங்களை எழுதுவார்கள். மச்சம், தழும்பு இப்படி. வகுப்பு வாத்தியார் பார்த்து எழுதுவார், ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம் ஆடி மாதம் வகுப்பு வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஹெட்மாஸ்டர் மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நாச்சிமுத்து, நீர் ஒரு உபகாரம் பண்ணணும். அங்க அடையாளம் பாக்கறதுன்னா அது போலீஸ்காரா ஜோலியாக்கும். இந்தக் குட்டிகளுக்கு நீரே பாத்து எழுதிடும். கீழே நான் ஒப்பு போட்டுடறேன், கேட்டேரா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சியில் கற்ற வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று இருந்தவன் நான். அங்குல ஸ்கேல் ஒன்றை வாங்கிக்கொண்டு, இருபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். வெறுமனே 'காலில் மச்சம்' என்று எழுதுகிற ஆளா நான்? 'இடது கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலத்தில் கறுப்பு மச்சம்' என்று எழுதினேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காலில் மச்சம் நிறைய இருந்தது. அந்த மண்ணின் வாகு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சண்முகத்தாயிடம் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, "கால்லயே எழுதிருங்க ஏட்டையா" என்றாள். காலிலும் இரண்டு மச்சம் இருந்தது. இரண்டையும் அளந்து எழுதினேன். குண்டு குண்டான எழுத்து. பார்த்துப் பார்த்து நானே மகிழ்ந்தேன்.

பங்குனி மாதம் பரீட்சை வந்தது. முத்திரையிட்ட கேள்வித்தாள் கட்டுகளைக் காவலோடு கொண்டுவந்த குறுப்பு சார், முத்திரை உடையாமல் இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பரீட்சையை நடத்த ஆலப்புழைப் பக்கத்திலிருந்து வர்க்கி சார் என்ற கண்காணிப்பாளர் வந்திருந்தார். மலைக்கு அதுதான் அவர் முதல் வரவு. கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு. முந்தைய வருஷம் வேறொரு இடத்தில் ஒருத்தனுக்காக இன்னொருத்தன் வந்து பரீட்சை எழுதியதைக் கண்டுபிடித்தவராம். அந்த வெற்றி அவர் தலைக்கு ஏறியிருந்தது. இருபத்து மூன்று புத்தகங்களையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய அடையாளத்தையும் பார்த்த பிறகே உள்ளே விடுவேன் என்று வாசற்படியில் நின்றுவிட்டார்.

பெண்கள் முதலில் போனார்கள். குடியிருப்புப் பெண்கள் மூன்று பேருக்கும் கையிலும் கன்னத்திலும் மச்சம்; சரியாக இருந்தது. நாலாவது சண்முகத்தாய். வர்க்கி சார் புத்தகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். இடது கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலத்தில் ஒன்றும் இல்லை. வலது காலிலும் இல்லை. நடந்து வந்த மண் மறைக்கிறதோ என்று தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கழுவச் சொன்னார். கழுவினாள். கால் பளிச்சென்று இருந்தது, மச்சம் மட்டும் இல்லை.

ஹெட்மாஸ்டர் பதறிப் போய், இவள் எங்கள் குழந்தைதான், எனக்குத் தெரியும் என்றார். போன வருஷத்துக் கள்ளனுக்கும் இப்படித்தான் ஒரு ஹெட்மாஸ்டர் சாட்சி சொன்னார் என்று வர்க்கி சார் பதில் சொன்னார். பிறகு என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஆள்மாறாட்டக் கேஸ், இந்தப் பெண்ணை வெளியே கொண்டுபோய் உன் அதிகாரியிடம் ஒப்படை என்று உத்தரவிட்டு, ஆதாரத்துக்குப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

என் குண்டுக் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவள் காலைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பையன்களின் கால்களைப் பார்த்தேன். ஆடி மாதம் அந்தக் கால்களில் நான் அளந்து எழுதிய மச்சங்களில் ஒன்றைக்கூடக் காணோம். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவை அட்டை கடித்த வடுக்கள். மழைக்காலத்தில் தேயிலைக்குள் வெறுங்காலோடு நடந்தால் அட்டை ஏறும். கடித்த இடம் கொஞ்ச நாளைக்கு மச்சம் மாதிரிக் கறுத்துக் கிடக்கும், பிறகு போய்விடும். மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் அட்டை கிடையாது. இங்கே வந்த பிறகும் என் காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இலாகா கொடுத்த காக்கிப் பட்டியை இறுக்கிச் சுற்றியிருந்தேன். அந்த மலையிலேயே அட்டை கடிக்காத கால் என் கால் ஒன்றுதான். பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தும், அளவுகோலோடு வந்த போலீஸ்காரர் மச்சம் என்றால் அது மச்சமாகத்தான் இருக்கும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை தொடங்க அரை மணி நேரம் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னால் என் வேலையும் போகலாம், ஹெட்மாஸ்டருக்கும் ஆபத்து. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணை நானே வெளியே நடத்திக்கொண்டு போக வேண்டும். அவள் அழவில்லை. கழுவிய கால் ஈரத்தோடு, கையில் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தை வர்க்கி சாரிடமே திருப்பி நீட்டினேன். "சார், இது என் கையெழுத்துங்க. தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டேன்.

வர்க்கி சார் நம்பவில்லை. வேண்டிய பெண்ணைக் காப்பாற்ற ஊரே சேர்ந்து கதை கட்டுகிறது என்றார். அப்படியானால் மற்றவர்கள் காலையும் பாருங்கள் என்றேன். பார்த்தார். இரண்டாவது பையனுக்கு மச்சம் இல்லை. ஐந்தாவது பையனுக்கு இல்லை. சண்முகத்தாயோடு சேர்த்து எட்டுப் பேருக்கு இல்லை. எட்டுப் புத்தகங்களையும் தனியாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டு ஆள்மாறாட்டமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காதிலிருந்த பஞ்சை எடுத்தார். சத்தம் கேட்டுக் குறுப்பு சார் டீ கிளாசோடு வெளியே வந்தார்.

நடந்ததை வர்க்கி சார் சொன்னார். குறுப்பு சார் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ கண்டது எந்தா?"

"கறுப்புப் புள்ளிங்க சார்."

"எழுதினது?"

"மச்சம்ங்க சார்."

"பின்னே?"

"பின்ன ஒண்ணுமில்லீங்க சார். நெனச்சதை எழுதிப் போட்டனுங்க."

டீ கிளாசை ஜன்னலில் வைத்தார். என்மேல் அவருடைய மூக்கு விடைத்திருந்தது. அதற்குமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். பிறகு வர்க்கி சாரைத் தனியே அழைத்துப் பேசினார். மனிதர் பிடிவாதக்காரரே தவிரக் கெட்டவர் இல்லை. போலீஸ் அதிகாரி முன்னிலையில் மறைந்துபோகாத புது அடையாளம் எழுதி, அதிகாரியும் ஹெட்மாஸ்டரும் கையெழுத்துப் போட்டால் உட்கார வைக்கிறேன் என்று இறங்கி வந்தார்.

பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. என் உத்தியோகத்துக்குக் காரணமான அந்தப் பந்தாட்டம் ஆளுக்கொரு தழும்பு கொடுத்திருந்தது. மளமளவென்று ஏழு பேர் முடிந்தது. சண்முகத்தாய் மட்டும் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. வர்க்கி சார் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே முதல் பெஞ்சில் இருந்து குடியிருப்புப் பெண்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தடவை அவர்களைப் பார்த்தாள். பேனாவை என் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் நெற்றி மயிரை மேலே தூக்கிக் காட்டினாள்.

மயிர் தொடங்குகிற இடத்தில் குறுக்காக ஒரு தழும்பு, விரல் அகலத்துக்கு வழவழவென்று ஓடியது. கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பார்கள். கயிறு உரசிப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி வந்த தழும்பு அது. அம்மாவுக்குத் துணையாக லீவு நாட்களில் எல்லாம் அவள் கூடை சுமந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான் தலையை இறக்கிச் சீவிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது போவாது ஏட்டையா. அஞ்சு வருசமா இருக்கு" என்றாள்.

அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் அவள் ஏன் தலையைக் குனிந்தாள் என்று புரிந்தது. அவளுக்கு அது அட்டைக்கடி என்று தெரியாமலா இருந்திருக்கும்?

குறுப்பு சார் என் ஸ்கேலை வாங்கி அவரே அளந்தார். 'நெற்றியின் மேல், மயிர் எல்லையில், குறுக்காக இரண்டரை அங்குலத் தழும்பு' என்று அவர் சொல்லச் சொல்ல ஹெட்மாஸ்டர் எழுதினார். கூடைக் கயிற்றினால் உண்டானது என்றும் சேர்த்து எழுதலாமே, இன்னும் தெளிவாக இருக்கும் என்றார் வர்க்கி சார். குறுப்பு சார் புத்தகத்தை வாங்கி மூன்று முறை படித்தார்.

"காரணம் எழுத இதில இடம் இல்லல்லோ சாரே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மணி அடித்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். நெற்றி மயிரை இறக்கிவிட்டுக்கொள்ளாமலேயே அவள் உள்ளே போனாள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

எனக்குத் தண்டனை கிடைத்தது. மேலே எழுதிப் போட்டு என் வேலைக்கு உலை வைத்திருக்கலாம். குறுப்பு சார் அதைச் செய்யவில்லை. முதல் கோடை மழை பெய்ததும், காலில் சுற்றிய பட்டியை அவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சோலைக்குள் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னார். ஒரு அட்டை கடிக்க வேண்டும். அந்த ஒரு கடியை நாள்தோறும் பார்த்து, கண்டதை மட்டும் எழுதி, சாயங்காலம் கொண்டுவர வேண்டும். கடித்தது. எழுதினேன். முதல் நாள்: ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள்: தடிப்பு. ஒன்பதாம் நாள் வரை அரிப்பு. அரிப்பு காண்கிற விஷயம் இல்லை என்று அவர் அதை அடித்துவிட்டு, சொறிந்த அடையாளம் என்று எழுதச் சொன்னார். இருபதாம் நாள்: கறுப்புப் புள்ளி. ஐம்பத்து மூன்றாம் நாள்: ஒன்றும் காணவில்லை. அன்றைய அறிக்கையை அவர் மூன்று முறை படித்துவிட்டு, பென்சிலைப் பையில் சொருகிக்கொண்டு, எனக்கு ஒரு டீ சொன்னார்.

பரீட்சை முடிவு வந்த அன்று ஹெட்மாஸ்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே ஓடிவந்தார். "குட்டி ஜெயிச்சுட்டா, நாச்சிமுத்து" என்றார். தோட்டத்து ஆபீசில் அவள் பெயர் பதியவில்லை. மேலே படிக்க மலையிறங்கிப் போய்விட்டாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே மறு உத்தரவும் வந்துவிட்டது. வாசலில் நின்ற என் சின்னப் படையைக் கலைத்துவிட்டு நான் வேறு ஸ்டேஷனுக்குப் போனேன்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்றதும் ஒரு மலை ஸ்டேஷனில்தான், நல்ல மழைக்காலம். பழைய நிக்கரும் கால்பட்டியும் போய் முழுக்கால் சட்டை வந்து வெகு காலம் ஆகியிருந்தது. கழுத்தில் மாலை, கையில் லட்டு, இந்த நிலையில் ரைட்டர் நீட்டிய பென்ஷன் தாள்களில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். குறுப்பு சார் பார்த்திருந்தால் மன்னித்திருக்க மாட்டார். ஐந்து மாதம் கழித்து, முதல் பென்ஷன் வாங்கப் புத்தகத்தோடு எங்கள் ஊர்ப் பக்கத்து சப் டிரஷரிக்குப் போனேன். ஜன்னலில் இருந்த குமாஸ்தாப் பையன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அடையாளம் காட்டுங்கள் என்றான். என்ன அடையாளம் என்று கேட்டேன். படித்தான்: இடது கணுக்காலுக்கு மேல் கறுப்பு மச்சம்.

எனக்கு ஆளை விட்டால் போதும் என்று ஆகிவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக் காலைக் காட்டினேன். சுத்தமான கால். பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புத்தகத்தை அதிகாரியிடம் கொண்டுபோனான். சற்று நேரத்தில் என்னை உள்ளே வரச் சொன்னார்கள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்; கண்டிப்பான முகம். புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மச்சம்னு எழுதியிருக்கு. கால்ல காணோம்கிறாங்க. பின்னே?"

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. கை தானாகத் தொடையில் ஒட்டி அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.

"அது மச்சம் இல்லீங்கம்மா, அட்டைக்கடிங்க. ரைட்டர் தெரியாம எழுதிப் போட்டானுங்க. அம்பத்து மூணு நாள்ல போயிருமுங்க."

"போகாத அடையாளம் எதாச்சும் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸ் உத்தியோகம் பார்த்தும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சொல்லவே வெட்கமாக இருந்தது. இல்லீங்க என்றேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நரை ஓடிய நெற்றி மயிரை ஒரு கையால் மேலே தள்ளினார்.

"எனக்கு இருக்கு, ஏட்டையா" என்றார்.

பேனாவை எடுத்து என் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி என் பக்கம் திருப்பினார். இவரை எனக்கு நேரில் தெரியும் என்று எழுதியிருந்தது.

"படிச்சுப் பாத்துக்கோங்க. கண்டதை மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

மூன்று முறை படித்தேன். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.